உப்பு நகர்த்தும் எல்லை

மரக்காணத்து உப்பளங்களுக்குக் கோடைதான் உச்சப் பருவம். கழியிலிருந்து ஏற்றிய நீர் பாத்தி பாத்தியாக நகர்ந்து, வெயிலிலும் காற்றிலும் முற்றி, கடைசிப் பாத்தியில் உப்பாகப் படிகிறது. கடல்நீரின் செறிவு போமே அளவுகோலில் சுமார் 3 டிகிரி. அது ஏறிக்கொண்டே போகும்போது முதலில் சுண்ணாம்பும் பிறகு ஜிப்சமும் அடியில் தங்கும். 25 டிகிரியை நெருங்கியதும் சமையல் உப்பு விளையத் தொடங்கும். 29 டிகிரியைத் தாண்டினால் மக்னீசியம் உப்புகள் கலந்து உப்பில் கசப்பேறும் என்பதால் மிஞ்சிய நீரை வடித்துவிடுவார்கள்.

இந்த வரிசைக்குள் ஓர் இயற்பியல் உண்மை ஒளிந்திருக்கிறது. நீர் முற்ற முற்ற ஆவியாகும் வேகம் குறைகிறது. முதல் பாத்தியில் உள்ள கடல்நீர், தூய நீரைவிட 2 விழுக்காடு மட்டுமே தயங்கி ஆவியாகிறது. உப்பு விளையும் பாத்தியிலோ நீரின் ஆவியழுத்தம் தூய நீருடையதில் முக்கால் பங்குதான். காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால், காற்றின் வெப்பநிலையிலேயே இருக்கும் முற்றிய உப்புநீர் ஆவியாகவே ஆகாது. மாறாகக் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கத் தொடங்கும். கரையில் குவித்த உப்பு அம்பாரம் ஈரக்காற்றில் கசிவதும் இதனால்தான். வெயில் பாத்தி நீரைக் காற்றைவிடச் சூடாக்குவதாலும், நிலத்திலிருந்து வரும் உலர்ந்த காற்று ஈரத்தை அள்ளிச் செல்வதாலும்தான் உப்பு விளைகிறது.

உப்பு நீரைப் பிடித்து வைக்கிறது என்பதே இதன் சாரம். கரைந்த உப்பு சோடியம் அயனியாகவும் குளோரைடு அயனியாகவும் பிரிந்து, ஒவ்வொன்றும் தன்னைச் சுற்றி நீர் மூலக்கூறுகளை இழுத்து நிறுத்துகிறது. அவற்றுக்கு ஆவியாகத் தப்புவது கடினம். இதே பிடிப்பு, 30 டிகிரி வெயிலில் அல்லாமல் 400 டிகிரி வெப்பத்திலும் முந்நூறு மடங்கு வளிமண்டல அழுத்தத்திலும் என்ன செய்யும் என்பதே இந்த அத்தியாயத்தின் கேள்வி. திரவம், ஆவி என்ற வேறுபாடே மறைந்துபோகும் அந்த உலகில், உப்பு நீரின் பண்புகளை மாற்றுவதோடு நிற்பதில்லை. அந்த உலகின் எல்லைக்கோட்டையே இடம் மாற்றுகிறது.

திரவமும் ஆவியும் ஒன்றாகும் இடம்

திறந்த பாத்திரத்தில் நீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கிறது. பிரஷர் குக்கருக்குள் அழுத்தம் ஏறத்தாழ 2 பார் ஆகும்போது கொதிநிலை 120 டிகிரியாகிறது. அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனால் கொதிநிலையும் ஏறும். ஆனால் கூடவே வேறொன்றும் நடக்கிறது. சூடேறச் சூடேறத் திரவ நீர் விரிந்து இலேசாகிறது. அதன் மேலுள்ள ஆவியோ நெருக்கப்பட்டுக் கனமாகிறது. 374 டிகிரியில், 221 பார் அழுத்தத்தில் இரண்டின் அடர்த்தியும் ஒன்றாகிவிடுகிறது: கன செண்டிமீட்டருக்கு 0.322 கிராம். அங்கே நீர்மட்டம் என்ற ஒன்று இல்லை. அதுதான் நீரின் மாறுநிலைப் புள்ளி. வெப்பமும் அழுத்தமும் அதைத் தாண்டியபின் இருப்பது திரவமும் அல்ல, வாயுவும் அல்ல. மீமாறுநிலைப் பாய்மம் என்று அதை அழைக்கிறோம். பொறியாளர்கள் சூப்பர்கிரிட்டிக்கல் என்பார்கள்.

பாரிஸைச் சேர்ந்த கக்னியார் த லா தூர் 1822-ல் இதை முதலில் காதால் கண்டறிந்தார். திரவம் நிரப்பி மூடிய துப்பாக்கிக் குழலுக்குள் ஓர் உருண்டையைப் போட்டு, சூடாக்கி உருட்டினார். குறிப்பிட்ட வெப்பநிலைக்கு மேல், உருண்டை திரவப் பரப்பைக் கிழித்துச் செல்லும் ஓசை கேட்கவில்லை. 1869-ல் பெல்ஃபாஸ்டின் தாமஸ் ஆண்ட்ரூஸ், கார்பன் டை ஆக்சைடுக்கு இந்தப் புள்ளி 31 டிகிரியில் வருகிறது என்று அளந்து காட்டி, அதற்கு மாறுநிலைப் புள்ளி என்ற பெயரையும் நிலைநிறுத்தினார்.

பாடநூல்களில் நாம் படிக்கும் 374 டிகிரி தூய நீருக்கு மட்டுமே உரியது. கடல்நீருக்கு அது பொருந்தாது.

அரை டிகிரி, முப்பத்து மூன்று டிகிரி

கடல்நீரில் கிலோவுக்கு 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன. சாதாரண அழுத்தத்தில் அவை நீரின் கொதிநிலையைச் சுமார் அரை டிகிரி மட்டுமே உயர்த்துகின்றன. உப்பு இனிக் கரையாது என்ற அளவுக்கு முற்றிய நீர்கூட 109 டிகிரியில் கொதித்துவிடும். ஆனால் கடல்நீரின் மாறுநிலைப் புள்ளியை அளந்தபோது கிடைத்த எண்கள் 407 டிகிரி, 298 பார். 1980-களில் அமெரிக்கப் புவியியல் ஆய்வகத்தைச் சேர்ந்த பிஷோஃப், ரோசன்பவர் இருவரும் செய்த அளவீடு இது. கொதிநிலையை அரை டிகிரி நகர்த்திய அதே உப்பு, மாறுநிலை வெப்பநிலையை 33 டிகிரியும், மாறுநிலை அழுத்தத்தை 77 பாரும் நகர்த்திவிட்டது.

இதற்கு இரண்டு காரணங்கள் கைகோக்கின்றன. முதலாவது, திரவமும் ஆவியும் ஒன்றாக வேண்டுமானால் அடர்த்தி மட்டும் சமமானால் போதாது. இரண்டிலும் கரைந்துள்ள பொருள்களும் ஒரே அளவில் இருக்க வேண்டும். உப்புக்கு ஆவியில் இருக்கப் பிடிக்காது. ஆவி மிகவும் நெருக்கமாகி, உப்பைச் சுமக்கும் வலு பெறும் வரை, உப்பு திரவத்திலேயே தங்கி, அதை ஆவியிலிருந்து வேறுபடுத்தி வைத்திருக்கும். ஆகவே இரண்டும் ஒன்றாகும் புள்ளி, வெப்பத்திலும் அழுத்தத்திலும் உயரே போகிறது. உப்பு கூடக் கூட இன்னும் உயரே போகிறது.

இரண்டாவது காரணம் நீரின் தளர்ச்சி. அறை வெப்பநிலையில் நீரை அமுக்கிச் சுருக்குவது மிகக் கடினம். மாறுநிலைப் புள்ளியை நெருங்க நெருங்க அது எளிதாகிறது. சிறிய அழுத்த மாற்றத்துக்கே பெரிதாகச் சுருங்கவும் விரியவும் செய்கிறது. இந்த நெகிழ்ந்த நீருக்குள் அயனி ஒன்று வந்தால், திருவிழா மைதானத்தில் பரவலாக நிற்கும் கூட்டம் தேர் வந்த பக்கம் திரண்டு மற்ற இடம் காலியாவதைப் போல, தொலைவில் உள்ள மூலக்கூறுகளும் அதை நோக்கி நெருங்கி வருகின்றன.

எண்களில் பார்த்தால் இது இன்னும் வியப்பு. ஒரு மோல் சமையல் உப்பு, அதாவது சுமார் 58 கிராம், படிகமாக 27 கன செண்டிமீட்டர் இடம் பிடிக்கும். அறை வெப்பநிலையில் நிறைய நீரில் அதைக் கரைத்தால் கரைசலின் கன அளவு 17 கன செண்டிமீட்டர்தான் கூடும். அயனிகள் நீரை நெருக்கி இழுப்பதால் 10 கன செண்டிமீட்டர் காணாமல் போகிறது. மாறுநிலைப் புள்ளிக்கு அருகே, மிக நீர்த்த கரைசலில், கணக்கு எதிர்மறையாகிவிடுகிறது. உப்பைச் சேர்த்தால் கன அளவு குறைகிறது. அதுவும் ஒரு மோலுக்கு லிட்டர் கணக்கில். தூய நீரின் மாறுநிலைப் புள்ளியிலேயே இந்தச் சுருக்கம் எல்லையின்றிப் பெருகும் என்பது கோட்பாட்டின் முடிவு. நெதர்லாந்தில் பிறந்து அமெரிக்காவின் தேசியத் தர ஆய்வகத்தில் பணியாற்றிய யோஹன்னா லெவெல்ட் செங்கர்ஸ் போன்றவர்கள் இந்த நடத்தைக்குச் சீரான விளக்கம் தந்தார்கள். மாறுநிலைக்கு அருகே நீர் பற்றிய எந்தக் கணக்கிலும், ‘உப்பு கொஞ்சம்தானே’ என்று தள்ளிவிட முடியாது என்பது அவர்கள் தந்த பாடம்.

உப்பை வெறுக்கும் நீர்

சாதாரண நீர் உப்பைக் கரைப்பதற்கு அதன் மின் இயல்பே காரணம். நேர்மின் சோடியமும் எதிர்மின் குளோரைடும் ஒன்றையொன்று ஈர்க்கின்றன. இடையே நீர் வந்தால் அந்த ஈர்ப்பு ஏறத்தாழ 78-ல் ஒரு பங்காகக் குறைகிறது. இந்த 78-தான் 25 டிகிரியில் நீரின் மின்காப்பு மாறிலி. மாறுநிலைப் புள்ளியில் அது 5, 6 என்ற அளவுக்குச் சரிந்துவிடுகிறது. நீர் இப்போது கரிமக் கரைப்பான்களின் குணத்தை ஏற்கிறது. எண்ணெய் கரைகிறது, ஆக்சிஜன் எந்த விகிதத்திலும் கலக்கிறது. அயனிகளோ பிரிந்து நிற்க வலுவின்றி ஜோடி சேர்கின்றன, திரள்கின்றன. மின்சாரத்தைக் கடத்தும் திறனும் அடர்த்தியோடு சேர்ந்து விழுகிறது.

300 டிகிரியில் உப்பு நிறைந்த கரைசலின் எடையில் 37 விழுக்காடு சோடியம் குளோரைடு இருக்கலாம். 550 டிகிரியில், 250 பார் அழுத்தத்தில் அது பத்து லட்சத்தில் 120 பங்காகக் குறைந்துவிடுகிறது. இடைப்பட்ட வெப்பநிலையில் உப்பு நேராகப் படிகமாக விழுவதில்லை. 250 பாரில் 450 டிகிரி வரை, உப்பு செறிந்த கனமான திரவம் ஒன்றும், உப்பு வற்றிய இலேசான பாய்மம் ஒன்றுமாக நீர் பிரிந்து நிற்கும். அதற்கு மேல்தான் படிகம். தூய நீர் ஒரே பாய்மமாக இருக்கும் அதே வெப்பத்திலும் அழுத்தத்திலும் உப்புநீர் இரண்டாகப் பிரிந்திருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

எல்லா உப்பும் இப்படி நடப்பதில்லை. சோடியம் சல்பேட்டுக்குக் கனமான திரவம் என்ற இடைநிலை கிடைப்பதில்லை. மாறுநிலையை நெருங்கும்போதே திண்மமாக விழுந்து குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். கால்சியம் சல்பேட் இன்னும் அவசரம்: கடல்நீரை 150 டிகிரிக்குச் சூடாக்கினாலே அது அன்ஹைட்ரைட்டாகப் பிரியத் தொடங்கிவிடும்.

அப்படியென்றால் மீமாறுநிலைப் பாய்மங்கள் உப்பைச் சுமக்கவே முடியாதவையா? 1879-ல் கிளாஸ்கோவின் ஹானே, ஹோகார்த் இருவரும் இதற்கு அழகான விடை கண்டார்கள். எத்தில் ஆல்கஹாலை அதன் மாறுநிலைக்கு மேலே, அதாவது சுமார் 241 டிகிரிக்கு மேலே சூடாக்கியபோதும், அதில் கரைந்திருந்த பொட்டாசியம் அயோடைடும் கோபால்ட் குளோரைடும் கரைந்தபடியே இருந்தன. அழுத்தத்தைத் தளர்த்தியதும் நுண்ணிய படிகங்களாக உதிர்ந்தன. மீண்டும் அமுக்கியதும் கரைந்தன. உப்பைத் தாங்கும் வலு வெப்பத்தை மட்டும் பொறுத்ததல்ல, மூலக்கூறுகள் எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன என்பதையும் பொறுத்தது என்பது அன்று தெளிவானது. போதிய அழுத்தம் கொடுத்தால் 500 டிகிரி நீரும் நிறைய உப்பைச் சுமக்கும். அழுத்தம் இறங்கினால் கைவிட்டுவிடும்.

எண்ணூரில் ஒரு லிட்டர் கடல்நீர்

மரக்காணத்திலிருந்து கடற்கரையோடு வடக்கே சென்னையைத் தாண்டினால் எண்ணூர். தமிழ்நாடு மின்வாரியத்தின் முதல் சூப்பர்கிரிட்டிக்கல் அலகான, 800 மெகாவாட் திறன்கொண்ட வடசென்னை அனல்மின் நிலையத்தின் மூன்றாம் நிலை அங்கே 2024 மார்ச்சில் திறக்கப்பட்டது. இந்தியாவில் இந்தத் தொழில்நுட்பம் 2010-ல் குஜராத்தின் முந்த்ராவில் தொடங்கியது. திருச்சி பெல் நிறுவனம் இத்தகைய கொதிகலன்களைத் தயாரிக்கிறது. நம் நாட்டின் பல சூப்பர்கிரிட்டிக்கல் அலகுகளில் நீராவி 247 பார் அழுத்தத்தில், 565 டிகிரி வெப்பத்தில் டர்பைனுக்குள் நுழைகிறது. நீர் கொதிப்பதே இல்லை. குழாயின் ஒரு முனையில் நீராகப் புகுந்து, மறுமுனையில் ஆவியாக வெளியேறுகிறது.

பழைய வகைக் கொதிகலன்களில் நீரையும் ஆவியையும் பிரிக்கும் பெரிய உருளை உண்டு. அதன் அடியில் சேரும் உப்பு கலந்த நீரை அவ்வப்போது வெளியேற்றிவிடலாம். சூப்பர்கிரிட்டிக்கல் கொதிகலன் முழு வேகத்தில் ஓடும்போது பிரிப்பதற்குத் திரவமும் ஆவியும் தனித்தனியாக இல்லை. உள்ளே வந்த உப்புக்கு இரண்டே வழிகள்: ஒன்று, குழாய்ச் சுவரில் படிய வேண்டும், அல்லது பாய்மத்தோடு டர்பைனுக்குப் போக வேண்டும். டர்பைனில் அழுத்தம் குறையக் குறைய ஆவியின் அடர்த்தி விழுகிறது. உப்பைத் தாங்கும் வலு போகிறது. டர்பைன் தகடுகளின் மேல் உப்பு படிகிறது. ஹானேயும் ஹோகார்த்தும் கண்ணாடிக் குழாயில் கண்டது இங்கே எஃகின் மேல் நடக்கிறது. குளோரைடு படிந்த இடத்தில் அரிப்பும் வெடிப்பும் தொடரும்.

அதனால் நீராவியில் சோடியம் நூறு கோடியில் ஓரிரு பங்கு என்ற அளவில் காக்கப்படுகிறது. இது எவ்வளவு கடுமை என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கிலோ கடல்நீரில் 10.8 கிராம் சோடியம் உண்டு. அதை நூறு கோடியில் 2 பங்கு என்ற அளவுக்கு நீர்க்கச் செய்ய 5,400 டன் தூய நீர் வேண்டும். 800 மெகாவாட் அலகு ஒன்றில் மணிக்கு ஏறத்தாழ 2,500 டன் நீராவி ஓடுகிறது. கடல்நீரால் குளிரும் மின்நிலையத்தில், குளிர்விக்கும் குழாயின் ஊசித்துளை வழியே இரண்டு மணி நேரத்துக்கு ஒரு லிட்டர் கடல்நீர் உள்ளே கசிந்தால் போதும், எல்லை தொடப்பட்டுவிடும். திரும்பி வரும் நீர் முழுவதையும் அயனிப் பரிமாற்றப் பிசின் வழியே செலுத்தித் தூய்மையாக்கும் அமைப்பு இத்தகைய நிலையங்களில் தவிர்க்க முடியாத உறுப்பாக இருப்பது இதற்காகத்தான்.

இதே சிக்கல் வேறொரு நல்ல திட்டத்தையும் தடுத்து நிற்கிறது. மீமாறுநிலை நீரில் எண்ணெயும் சாயமும் ஆக்சிஜனும் ஒன்றாகக் கலப்பதால், நச்சுக் கழிவுகளைச் சில நிமிடங்களுக்குள் கார்பன் டை ஆக்சைடாகவும் நீராகவும் எரித்துவிடலாம். அமெரிக்காவில் மைக்கேல் மோடெல் 1980-களில் தொடங்கிவைத்த முறை இது. திருப்பூர்ச் சாயக் கழிவுபோன்ற ஒன்றை நினைத்துப் பாருங்கள். நொய்யலைக் காக்க 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூட உத்தரவிட்டதற்குப் பின்னால் இருந்த பெரும் சிக்கல், கழிவில் கரைந்த உப்பு. சாயமேற்றச் சேர்ப்பது பெரும்பாலும் சோடியம் சல்பேட், சில நேரம் சோடியம் குளோரைடு. சாயத்தை மீமாறுநிலை நீர் எரித்துவிடும். ஆனால் சல்பேட் திண்மமாக விழுந்து உலையின் குழாயை அடைத்துவிடும். உப்பு எப்போது, எங்கே, எந்த வடிவில் விழும் என்பதைக் கட்டுப்படுத்தும் பொறியியல்தான் இம்முறையின் வெற்றி தோல்வியை முடிவு செய்கிறது. உப்பு விழும் இடத்தைத் தேர்ந்தெடுக்க முடிந்தால், அதே குணம் வரமாகிவிடும். நீரையும் உப்பையும் தனித்தனியே மீட்டுவிடலாம்.

கடலடியில் பிரியும் நீர்

மனிதன் உலை கட்டுவதற்கு வெகு முன்பே கடலடி இதைச் செய்துவந்திருக்கிறது. நடுக்கடல் மலைத்தொடர்களின் வெடிப்புகளில் இறங்கும் கடல்நீர், எரிமலைக் குழம்பின் வெப்பத்தில் சூடேறி, வெந்நீர்த் துளைகள் வழியே மீண்டும் மேலே பீறிடுகிறது. இறங்கும் வழியில் 150 டிகிரியைத் தாண்டும்போது சல்பேட்டின் பெரும்பகுதி அன்ஹைட்ரைட்டாகப் பாறையில் தங்கிவிடும். மரக்காணத்துப் பாத்தியில் ஜிப்சமாகப் படியும் அதே கால்சியம் சல்பேட்டின் நீரற்ற வடிவம் அது. மிஞ்சுவது பெரும்பாலும் சோடியம் குளோரைடுக் கரைசல்.

இனி நடப்பதைத் தீர்மானிப்பது 407 டிகிரி, 298 பார் என்ற அந்தப் புள்ளி. 298 பார் என்றால் ஏறத்தாழ 3,000 மீட்டர் ஆழம். அதைவிடக் குறைந்த அழுத்தத்தில் சூடேறும் கடல்நீர் கொதிக்கும். உப்பு குறைந்த ஆவிக்குமிழ்கள் எழும். அதைவிடக் கூடுதல் அழுத்தத்தில் கொதித்தல் இல்லை. ஒரே பாய்மமாக 407 டிகிரியைத் தாண்டிப் போகும் நீருக்குள் உப்பு செறிந்த கனத்த துளிகள் குளிராமலேயே திரளும். சுற்றியுள்ள பாய்மம் நன்னீரை நோக்கி நகரும். அட்லாண்டிக் நடு மலைத்தொடரில், நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே 5 டிகிரியில், சுமார் 3,000 மீட்டர் ஆழத்தில் உள்ள டர்டில் பிட்ஸ் துளைகளில் 407 டிகிரி நீர் பீறிடுவதை ஆந்திரேயா கோஷின்ஸ்கியின் குழு அளந்து 2008-ல் வெளியிட்டது. கடல்நீர் தன் மாறுநிலைப் புள்ளியிலேயே வெளிப்படும் இடம் அது.

கனத்த உப்புநீர் பாறைக்கு அடியில் தங்கிக்கொள்ள, இலேசான பாய்மம் முதலில் மேலே வருகிறது. கிழக்குப் பசிபிக் மலைத்தொடரில் ஒரே துளையைக் கேரன் வான் டாம் தொடர்ந்து கவனித்தார். 1991-ல் அதன் நீரில் கடல்நீரில் உள்ளதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான குளோரைடே இருந்தது. 1994-ல் அதே துளை கடல்நீரைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு குளோரைடு கொண்ட நீரைக் கக்கியது. ஆவி தீர்ந்து, அடியில் இருந்த உப்புநீரின் முறை வந்துவிட்டது. இந்தியப் பெருங்கடலில், 2001-ல் கண்டறியப்பட்ட எட்மண்ட் துளைத்தொகுதியின் நீரிலும் கடல்நீரைவிட 70 விழுக்காடு கூடுதல் குளோரைடு இருக்கிறது. இரும்பு, செம்பு, துத்தநாகம் ஆகியவை குளோரைடோடு இணைந்தே பயணிப்பதால், உப்பு போகும் வழியில்தான் உலோகமும் போகிறது. கடலடித் தாதுக்கள் எங்கே குவிகின்றன என்ற கேள்விக்கு விடையின் பாதி இங்கே இருக்கிறது.

இந்தத் தேடலில் நாமும் இறங்கியிருக்கிறோம். சென்னைப் பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனமும் கோவாவில் உள்ள தேசிய துருவ, பெருங்கடல் ஆய்வு மையமும் சேர்ந்து, இந்தியப் பெருங்கடலில் 4,500 மீட்டர் ஆழத்தில் இயங்கும் வெந்நீர்த் துளையைத் தானியங்கி நீர்மூழ்கி கொண்டு படமெடுத்ததை 2024 டிசம்பரில் அறிவித்தன. மூவரை 6,000 மீட்டர் ஆழத்துக்கு இறக்கவல்ல மத்ஸ்யா 6000 கலத்தின் துறைமுகச் சோதனை, 2025 தொடக்கத்தில் சென்னைக்கு வடக்கே காட்டுப்பள்ளியில் நடந்தது.

4,500 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் 450 பார். கடல்நீரின் மாறுநிலை அழுத்தத்தை அது வெகுவாகத் தாண்டிவிட்டது. அங்கே நீர் கொதிக்க வழியில்லை. போதிய வெப்பம் இருந்தால் உப்பைத் துளிகளாகத் திரட்டிப் பிரிய மட்டுமே வழியுண்டு. அத்தகைய துளை ஒன்றிலிருந்து மேலே கொண்டுவரும் நீரைச் சோதிப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டிய எண் அதில் உள்ள குளோரைடின் அளவு. அது கடல்நீருக்குச் சமமாக இருந்தால் நீர் பிரியாமல் வந்திருக்கலாம். குறைந்தாலோ கூடினாலோ பாறைக்கு அடியில் எங்கோ எல்லையைத் தாண்டி வந்திருக்கிறது. வெளியே வருவதற்குள் நீரின் வெப்பம் தணிந்திருக்கலாம், அழுத்தம் குறைந்திருக்கலாம். அது எவ்வளவு ஆழத்தில், எவ்வளவு சூட்டில் இரண்டாகப் பிரிந்தது என்ற வரலாற்றை அழியாமல் சுமந்து வருவது அதில் கரைந்த உப்புதான்.